பெயருக்கு முன்னால் ஒரு சொல்

மருத்துவமனைச் சலவைப் பிரிவில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்திரத்திலிருந்து சூடாக வந்து விழும் படுக்கை விரிப்புகளை அவள் மடித்து அடுக்கினால் ஓரத்தோடு ஓரம் பிசகாது. அப்படிப்பட்டவளுக்கு மகளின் கல்யாணப் பத்திரிகையில் ஒரே ஒரு வரி அடங்காமல் நின்றது.

புருஷன் லாரி ஓட்டியவர். எட்டு வருஷத்துக்கு முன் சுமை ஏற்றிக்கொண்டு போனவர் திரும்பவில்லை. லாரி மட்டும் ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக நின்றது. சாவி சீட்டின் மேல் கிடந்தது. போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, பிணவறை என்று அவள் ஏறி இறங்காத படியில்லை. எங்கேயும் தகவல் இல்லை.

அச்சகத்திலிருந்து மாதிரி வந்த அன்று மாப்பிள்ளையின் தாய்மாமா வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"சம்பந்தியம்மா, அழைக்கிறவங்க பேர்ல அவர் பேரப் போட்டா, வர்றவங்க பொண்ணோட அப்பாவத் தேடுவாங்க. பேரே இல்லன்னா ஓடிப்போயிட்டார்னு பேசுவாங்க. முன்னாடி 'காலஞ்சென்ற'ன்னு ஒரு வார்த்தை போட்டுடுங்க. யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க."

"அவர் செத்துட்டார்னு யாருங்க சொன்னது?"

"இருக்கார்னுதான் யார் சொன்னது?"

அவள் மகளைப் பார்த்தாள். மகள் தலை குனிந்தபடியே சொன்னாள்: "போட்டுரும்மா. ஸ்கூல்ல, காலேஜ்ல, வேலை பாக்கற இடத்துல, அப்பா எங்கன்னு பதில் சொல்லியே ஓஞ்சு போயிட்டேன். அந்த ஒரு நாளாவது யாரும் கேக்காம இருக்கட்டும்."

அச்சகக்காரர் கணினியில் அந்தச் சொல்லைத் தட்டினார். ஆறே எழுத்து. "சரியா இருக்காக்கா?" என்றார். தலையாட்டினாள்.

நெருங்கிய சொந்தத்துக்கு முதல் பத்திரிகை வைப்பதுதான் முறை. கொழுந்தன் வீட்டுக்குத்தான் முதலில் போயிருக்க வேண்டும். தைரியம் வராமல், கூட வேலை பார்ப்பவர்கள் வீடுகளிலிருந்து தொடங்கினாள்.

மேற்பார்வைக்காரம்மா சிரித்த முகத்தோடு பிரித்தார். படித்ததும் முகம் மாறிவிட்டது. "ஐயோ, எப்ப தெரிஞ்சுது? சொல்லவே இல்லையேடி!" என்று கட்டிக்கொண்டார். அடுத்த வீட்டில், "எங்க கிடைச்சார், பாவம்?" என்றார்கள். கல்யாணம் சொல்லப் போனவள் வாசலுக்கு வாசல் துக்க விசாரிப்புக்கு நின்றாள். ஐந்தாவது வீட்டில் தன்னையறியாமல், "போன மாசம்தான்" என்று சொல்லிவிட்டாள். தெருவுக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது. அங்கேயே ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கொழுந்தன் பஸ் டிப்போவில் மெக்கானிக். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர், அட்டையை அவள் கையில் இருக்கும்போதே படித்துவிட்டார்.

"ஏதாவது தாக்கல் வந்துச்சா அண்ணி?"

"இல்ல தம்பி."

"அப்புறம் எப்படி?"

அவள் பத்திரிகையை நீட்டியபடியே நின்றாள்.

"போன மாசம் லீவு போட்டுட்டு அந்த ரோட்டுல போட்டோவ வெச்சுக்கிட்டு விசாரிச்சுட்டுதான் வந்தேன். வருஷா வருஷம் போறேன். உங்ககிட்ட சொல்லல, ஆசை காட்டின மாதிரி ஆயிடுமேன்னு." அவர் துணியால் கையை மறுபடி துடைத்தார். "கோவிச்சுக்காதீங்க. இத நான் வாங்க முடியாது. வாங்கினா நானும் ஒத்துக்கிட்ட மாதிரி."

வீட்டுக்கு வந்தவள் மிச்சப் பத்திரிகைகளைத் தரையில் கொட்டி, பிளேடால் அந்தச் சொல்லைச் சுரண்டத் தொடங்கினாள். மினுமினுப்புத் தாள், மை போன இடத்தில் வெள்ளையாகத் தழும்பு விழுந்தது. அழித்தது ஊருக்கே தெரியும். ஆனாலும் நிறுத்தாமல் சுரண்டினாள். விரல் கீறி ரத்தம் பட்ட பிறகுதான் மகள் பிளேடைப் பிடுங்கினாள்.

மறுநாள் மகளே பத்திரிகை இல்லாமல் சித்தப்பா வீட்டுக்குப் போய் வாயால் அழைத்தாள். கல்யாணத்துக்கு அவர் வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டார். வந்தவர்கள் மடிப்பக்காவிடம் கல்யாணத்தைப் பற்றிப் பாதியும் புருஷனைப் பற்றிப் பாதியும் பேசிவிட்டுப் போனார்கள். மகள் மட்டும் அன்றைக்கு நன்றாகச் சிரித்தாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று அலுவலக எழுத்தர் கூப்பிட்டார். அவரும் பத்திரிகை வாங்கியவர்தான்.

"அக்கா, உங்க பதிவேட்டுல கணவர் காலமானார்னு மாத்திட்டேன். ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

நல்லெண்ணத்தில் செய்தவர். அவள் பேனாவை வாங்கவில்லை.

"மாத்தாதீங்க சார்."

"பத்திரிகையில நீங்களே போட்டிருந்தீங்களேக்கா?"

"போட்டேன். தப்புதான்." பதிவேட்டை அவர் பக்கம் தள்ளினாள். "இதுல வேணாம். தயவுசெஞ்சு முன்ன இருந்தபடியே எழுதிடுங்க."

அவர் அழித்து எழுதி முடிக்கும்வரை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கீழே இறங்கிப் போனாள். அவள் வராததால் விரிப்புகள் குவிந்து கிடந்தன.