மொட்டுக்குக் கீழே ஒரு பொட்டு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆவணி மாதம். கிள்ளானில் என் கணவரின் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். கெட்டிமேளம் முழங்குகிறது, மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார், எல்லோரும் அட்சதையோடு எழுந்து நிற்கிறார்கள். நான் மட்டும் மணமக்களைப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் நிறுத்தியிருந்த தங்க நிறத் தட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இருந்தது என்னுடைய சுருள்.

என் தொழிலைச் சொன்னால்தான் இது புரியும். பிரிக்பீல்ட்ஸில் வீட்டிலிருந்தபடியே கல்யாண கார்டு, மேடை அலங்காரத் தட்டி இதற்கெல்லாம் கணினியில் வரைந்து கொடுக்கிறேன். வளைந்து வளைந்து போகும் சுருள் வேலைப்பாடுதான் எனக்குச் சோறு போடுகிறது. அதிலும் ஒரு சுருள் எனக்கு ராசியானது. மூன்றரைச் சுற்று சுற்றி, வால் விரிந்து, நுனியில் ஒரு மாங்காய் மொட்டோடு முடியும். மற்றவர்கள் வரைந்தால் மொட்டு கோடு போகும் திசையில் சாயும். என்னுடையது எதிர்ப்பக்கம் சாயும், கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்ட பெண் மாதிரி. அதற்குக் கீழே ஒரு சின்னப் பொட்டு. "அந்தப் பொட்டுதான் என் கையெழுத்து" என்று ஒன்பது வருடமாக வாடிக்கையாளர்களிடம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

தாலி கட்டி முடிந்ததும் மேடைக்குக் கிட்டே போய் நின்று பார்த்தேன். மூன்றரைச் சுற்று. மொட்டு எதிர்ப்பக்கம். பொட்டு மட்டும் இல்லை. திருடியவன் கெட்டிக்காரன், கையெழுத்தை அழித்துவிட்டுத்தான் எடுத்திருக்கிறான் என்று நினைத்தேன். கைப்பேசியில் பத்துப் பதினைந்து படம் எடுத்தேன். பெண்ணைத்தான் எடுக்கிறேன் என்று நினைத்துப் பெண்ணின் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சாப்பாட்டில் கை போகவில்லை. என் கணவரிடம் சொன்னேன். "உனக்குப் பலகாரக் கடையில ஜிலேபியப் பாத்தாக்கூட உன் டிசைன்னுதான் தோணும். பேசாம சாப்பிடு" என்றார். அவர் அப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாசாரில் மீன் வாங்கினால்கூடத் தராசை ஒரு தட்டுத் தட்டிப் பார்க்காமல் நான் காசை நீட்டமாட்டேன். சந்தேகம் என் கூடப் பிறந்தது.

அந்தச் சுருள் இருந்தது இரண்டே இரண்டு கணினிகளில். ஒன்று என்னுடையது. இன்னொன்று ஸ்ரீ கெம்பாங்கானில் லேசர் வைத்து அக்ரிலிக் பலகை வெட்டும் கடையில். நான் வரைந்து கொடுப்பதை அங்கேதான் வெட்டுவார்கள். முதலாளி சீனர், எல்லோருக்கும் அவர் தவுக்கே. மெஷினில் உட்காருபவர் நம்மவர், நாற்பத்தைந்து வயதிருக்கும், கேரி தீவு எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். நாலு வருடப் பழக்கத்தில் நாலு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை அக்கா என்பார்.

யோசிக்க யோசிக்க எல்லாம் அவரையே காட்டியது. நான் ஃபைலைக் கொண்டுபோகும் ஒவ்வொரு தடவையும், "வச்சிட்டுப் போங்கக்கா, நாளைக்கு வாங்க" என்பார். மற்றவர்களுக்கு அரை மணியில் வெட்டிக் கொடுப்பவர், எனக்கு மட்டும் ஏன் ஒருநாள் வைத்துக்கொள்ள வேண்டும்? கேரி தீவுக்குக் கிள்ளான் பக்கம்தான். அவருடைய மச்சான் கிள்ளானில்தான் இருக்கிறான் என்று எப்போதோ சொன்னதும் ஞாபகம் வந்தது. கையில் புதுக் கைப்பேசி வேறு.

இரண்டு நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். திரை முழுக்க என் சுருள். போன வாரம் வெட்டி முடித்த வேலை அது. அதைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, கோட்டின்மேல் ஒவ்வொரு இடமாக எதையோ தட்டித் தட்டி அழித்துக்கொண்டிருந்தார். கதவைத் தள்ளினேன். திரும்பிப் பார்த்தவர் பட்டென்று திரையை மூடினார். முகம் காது வரைக்கும் சிவந்துபோனது.

எனக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? நேராக உள்ளறைக்குப் போய்த் தவுக்கேயிடம் மலாயில் கொட்டித் தீர்த்தேன். உங்கள் ஆள் என் டிசைனைக் கிள்ளானுக்கு விற்கிறான் என்றேன். கல்யாண மண்டபத்தில் எடுத்த படங்களைக் காட்டினேன். தவுக்கே படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பதினோரு வருடமாக இங்கே இருக்கிறான், சனிக்கிழமைக்குள் ஆதாரம் கொண்டு வா, உண்மையென்றால் அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன் என்றார். அதுவரைக்கும் கணினியைத் தொடக்கூடாது, பலகை தூக்கட்டும், லோரியில் ஏற்றட்டும் என்று அவரைக் கூப்பிட்டு என் எதிரிலேயே சொன்னார்.

அந்த மனிதர் என்னை ஒரு பார்வை பார்த்தார், நாற்காலியில் கிடந்த தன் சட்டையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். குற்றமில்லாதவன் என்றால் கத்தியிருப்பானே, சத்தியம் பண்ணியிருப்பானே என்று நினைத்தேன். அவருக்குப் பரீட்சை எழுதுகிற வயதில் ஒரு பெண் இருப்பது எனக்குத் தெரியும். அப்போதுகூட மனசு இளகவில்லை. திருடும்போது அது தெரியவில்லையா என்றுதான் தோன்றியது.

மண்டபத்தில் அலங்காரம் செய்தவர்களைப் பிடித்து, அந்தத் தட்டியை வரைந்த கடையைக் கண்டுபிடித்தேன். சனிக்கிழமை காலையில் கம்யூட்டர் ரயில் ஏறிக் கிள்ளான் போனேன். அண்ணன் மகள் கல்யாணத்துக்குத் தட்டி வேண்டும் என்று பொய் சொல்லிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். எனக்கு அண்ணனே கிடையாது.

மாடியில் சின்னக் கடை. என் வயதுப் பெண் ஒருத்தி தனியாக நடத்துகிறாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "வாங்கக்கா, உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீங்க" என்று மின்விசிறியை என் பக்கம் திருப்பினாள். அந்த உபசாரமும் எனக்கு நடிப்பாகத்தான் பட்டது. கல்யாண மண்டபப் படத்தைக் காட்டி, "இது ரொம்ப அழகா இருக்கே, யார் வரைஞ்சது?" என்றேன்.

"நான்தாங்கா."

கண்ணைக்கூட இமைக்காமல் சொன்னாள். என்ன நெஞ்சழுத்தம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையிலிருந்த பென்டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தேன். "என்கிட்டயும் இதே ஒண்ணு இருக்கு. உங்களோடதையும் திறங்க, பக்கத்துல வச்சுப் பாப்போம்" என்றேன். அவள் தயங்கினால் அங்கேயே பிடித்துவிடுவது என்பது என் திட்டம். அவள் தயங்கவே இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தாள்.

பிறகு ஒரு பட்டனைத் தட்டி நிறத்தையெல்லாம் எடுத்துவிட்டு, வெறும் கோட்டை மட்டும் காட்டினாள். கணினியில் சுருள் வரைவது எப்படியென்றால், ஒரு புள்ளி வைப்போம், அதிலிருந்து கைப்பிடி மாதிரி ஒன்று நீளும், அதை இழுத்தால் கோடு வளையும். கை தேர்ந்தவர்களுக்கு ஒரு சுருளுக்குப் பத்துப் பன்னிரண்டு புள்ளி போதும். அவள் சுருளில் அவ்வளவுதான் இருந்தது. கோலத்துப் புள்ளி மாதிரி எண்ணிவிடலாம். என் சுருளில் புள்ளிகள் நூற்றுக்கணக்கில், சர்க்கரையைக் கண்ட எறும்பு வரிசையாக, கோடு முழுக்க மொய்த்துக் கிடந்தன.

அவள் கொஞ்சம் குனிந்து பார்த்தாள். "அக்கா, இது கையால வரைஞ்சது இல்லலா. எதையோ ஸ்கேன் பண்ணி, கம்ப்யூட்டரையே கோடு எடுக்க விட்டது" என்றாள்.

அது எனக்குத் தெரியாத விஷயமா? தாளில் இருக்கும் படத்தை ஸ்கேன் செய்து கணினியிடம் கொடுத்தால், அது ஒவ்வொரு பிசிறுக்கும் ஒரு புள்ளி வைத்துத் தானே கோடு போட்டுவிடும். யாருக்கோ நடக்கிற விஷயம் மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது வருடமாக அந்தச் சுருளை அப்படியே எடுத்து, பெரிதாக்கி, நிறம் மாற்றி ஒட்டியிருக்கிறேனே தவிர, ஒருநாளும் உள்ளே புகுந்து பார்த்ததில்லை.

"என் கல்யாண கார்டுக்காக வரைஞ்சது. மொட்டு தப்பாத் திரும்பிடுச்சு, அச்சாகி வந்தப்புறம்தான் பாத்தேன். அவருக்கு அதுவே புடிச்சிருந்துச்சு, அப்படியே விட்டுட்டேன்" என்றவள், இழுப்பறையிலிருந்து மிச்சமிருந்த ஒரு கார்டை எடுத்துக் கொடுத்தாள்.

மெரூன் நிறக் கார்டு. கல்யாணத் தேதி பதினொரு வருடத்துக்கு முந்தியது. நான்கு மூலையிலும் சுருள், சுருளின் நுனியில் எதிர்ப்பக்கம் சாய்ந்த மொட்டு. நம் வழக்கப்படி மூலைகளில் விரலால் மஞ்சள் தொட்டு வைத்திருந்தார்கள். மொட்டுக்குக் கீழே, காய்ந்து கருத்துப்போன ஒரு மஞ்சள் பொட்டு.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சுக்கடையில் என் முதல் வேலை. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர்கள் யார் வீட்டுக் கார்டையாவது கொண்டுவந்து மேசையில் போட்டு, இதே மாதிரி போட்டுக் கொடுங்கள் என்பார்கள். நாங்கள் ஸ்கேன் செய்து எடுத்துக்கொள்வோம். யார் வரைந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. அப்படி ஒருநாள் வந்த மெரூன் கார்டு அது. எடுத்த சுருளை, மலாயில் பூவுக்குச் சொல்லும் 'புங்கா' என்ற பெயர் வைத்த ஒரு ஃபோல்டரில் போட்டேன். வேலையை விட்டபோது அந்த ஃபோல்டரையும் கூடவே கொண்டுவந்தேன். வருடம் போகப் போக அது என்னுடையதாகிவிட்டது. என் கையெழுத்து என்று நான் பெருமையடித்த பொட்டு, யாரோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் விரலால் தொட்டு வைத்த மஞ்சள்.

அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் மகள் பொய் என்பதையும் சொன்னேன். அவள் சிரித்து மழுப்பிவிடுவாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவள் சிரிக்கவில்லை.

"எத்தனை வருஷமா விக்கிறீங்க?"

"ஒம்போது வருஷமா."

"போன வருஷம் ஒரு ஆன்டி என் கடையில வந்து, இது பிரிக்பீல்ட்ஸ்ல ஒருத்தவங்க டிசைனாச்சே, காப்பி அடிச்சீங்களான்னு கேட்டாங்க. அன்னிக்கு வீட்டுக்குப் போய் அழுதேன்கா" என்றாள். பென்டிரைவைக் கழற்றி என் கையில் வைத்தாள். "இனிமே போடாதீங்க." அவ்வளவுதான் சொன்னாள். கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

ரயிலில் வரும்போது அழுகை வந்தது. அவளுக்காகவா, எனக்காகவா என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போகத்தான் கால் இழுத்தது. ஆனால் அன்றைக்குத்தான் சனிக்கிழமை. நான் போகாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாது. கிராப் டாக்சி பிடித்து ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் போனேன்.

கடை வாசலில் மெஷின் அண்ணன் லோரியில் பலகைகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். தவுக்கேயையும் வெளியே கூப்பிட்டேன். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, திருடியது நான்தான் என்று மலாயில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் சொன்னேன். தவுக்கே வாய்விட்டுச் சிரித்து, தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார். அவருக்கு விஷயம் அத்தோடு முடிந்தது.

அண்ணன் கயிற்றை முடிச்சுப் போட்டு முடித்தார். "ஸ்கேன் பண்ணதுன்னு எனக்கு மொதல்லயே தெரியும்கா" என்றார்.

"அன்னிக்குத் திரையில என்னண்ணே பண்ணிட்டிருந்தீங்க?"

"புள்ளி கூடிப்போச்சுன்னா லேசர் நின்னு நின்னு போகும். ஓரமெல்லாம் கருகிடும். அதான் உங்க ஃபைல மட்டும் வாங்கி வச்சு, வேண்டாத புள்ளியெல்லாம் எடுத்துட்டு வெட்டுவேன். அதுக்கே ஒரு நாள் ஓடிரும். அன்னிக்குத்தான் அந்தச் சுருள ஒரேடியா சுத்தம் பண்ணி வச்சுரலாம், அடுத்தடுத்த வேலைக்கு உதவும்னு உக்காந்தேன். நீங்க வந்துட்டீங்க."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே, அண்ணே."

"எப்படிக்கா சொல்றது? நீங்க வரைஞ்சதுன்னு அவ்ளோ ஆசையாச் சொல்வீங்க" என்றார்.

எனக்கு அவமானமாக இருந்தது என்று சொன்னால் போதாது. நான் வெட்கப்படக்கூடாது என்று திரையை மூடியவரைத்தான் நான் திருடன் என்றேன். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா" என்றார். திங்கட்கிழமை அவர் மறுபடி மெஷினில் உட்கார்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டுத்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

'புங்கா' ஃபோல்டரை அழித்துவிட்டேன். முதலிலிருந்து நானே வரையக் கற்றுக்கொண்டேன். என் சொந்தச் சுருள் இன்னும் கொஞ்சம் கோணல்தான், ஆனால் பதினான்கு புள்ளிதான். வேலைக்கு இன்றைக்கும் அதே கடைக்குத்தான் போகிறேன். இப்போது அரை மணியில் வெட்டிக் கொடுத்துவிடுகிறார். கொடுத்த கையோடு திரையை என் பக்கம் திருப்பி, என் ஃபைலை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்து, "பாத்துக்குங்கக்கா, அழிச்சிட்டேன்" என்கிறார். முகத்தில் கோபம் எதுவும் இருக்காது. முதல் சில தடவை வேண்டாம் அண்ணே என்று கெஞ்சிப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லும் தகுதியை நான் அந்த ஒரு வாரத்திலேயே தொலைத்துவிட்டேன் என்பதால், இப்போதெல்லாம் பேசாமல் நின்று, கடைசி வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.