நாளைய லிஸ்டைப் பார்த்த போன்

ராகலை பஜாரில் நான் வேலை செய்யும் மரக்கறிக் கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். ஒன்பது வருடமாக அதை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை. அப்புறம் அக்கரப்பத்தனையிலிருந்து அந்தப் பெண் வேலைக்கு வந்தாள். கம்ப்யூட்டர் படித்தவள். வந்த மாதமே முதலாளி அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சந்தேகம் கேட்க ஆரம்பித்துவிட்டார். என்னிடம் ஒருநாளும் அப்படி உட்கார்ந்து கேட்டதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது.

அந்தச் சமயத்தில்தான் போட்டிக் கடை லொறி எங்களை முந்த ஆரம்பித்தது. நாளைக்கு எந்தத் தோட்டக்காரரிடம் லீக்ஸ், யாரிடம் கரட் ஏற்றுவது என்று மாலையில் நான் அடித்து வைக்கும் லிஸ்ட் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கும். விடிந்து எங்கள் லொறி போனால், அதற்குள் அவர்கள் ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள். லிஸ்ட் எப்படி வெளியே போகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்ன முதலாளி, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அது அவளாக இருக்க வேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

அவளோ, வெளியிலிருந்து எது உள்ளே வரப் பார்த்தாலும் முதலில் அனுமதி கேட்கும்படி கம்ப்யூட்டரில் எதையோ மாற்றி வைத்தாள். அப்படி ஒரு வசதி இருப்பதே எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்டினேன்.

இரண்டாம் நாள் மாலை லிஸ்டை அடித்து முடித்த கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு கட்டம் எழும்பியது. தூரத்திலிருந்து கம்ப்யூட்டரைப் பார்க்க உதவும் புரோகிராம் வழியாக ஒரு போன் உள்ளே வரக் கேட்டது. அதன் பெயர் 'அப்பா போன்'.

என் மகள் வைத்த பெயர். கொரோனா காலத்தில் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்தே வேலை பார்க்க அந்தப் புரோகிராமைப் போட்டது நான்தான். புதுப் போன் வாங்கியதும் பழையதைத் தங்கச்சிக்குக் கொடுத்தேன். உள்ளே இருந்த குடும்பப் படங்கள் அவளுக்கு வேண்டுமாம், எதையும் அழிக்காமல் அப்படியே கொடுத்துவிட்டேன். அவள் புருஷன் ஓட்டுவது போட்டிக் கடை லொறி.

அந்தப் பெண் என் முகத்தையும் என் கையிலிருந்த புதுப் போனையும் பார்த்தாள்.

"உங்க பழைய போனாண்ணே?"

தலையாட்டினேன். அவள் அந்தப் போனைத் தடுத்து, புரோகிராமை அழித்து, பாஸ்வேர்டையும் மாற்றினாள். அதற்குள் முதலாளி வந்துவிட்டார். அவள் ஒரு வார்த்தை சொன்னால் என் வேலை போய்விடும்.

"பழைய புரோகிராம் ஒன்னு தெறந்தே கெடந்துச்சு முதலாளி. மூடிட்டேன்."

அன்றே போய் மச்சானைப் பிடித்தேன். அவன் கூசவேயில்லை.

"நீங்க எனக்காகத்தான் அத விட்டு வச்சீங்கன்னு நெனச்சேன் மச்சான்."

மறுநாள் எங்கள் லொறி முதலில் போனது. அந்தப் பிள்ளையிடம் கொஞ்சம் கற்றுக்கொள்ளும்படி முதலாளி எல்லார் முன்னாலும் எனக்குச் சொன்னார். அவள் தலை நிமிராமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் வேலை போயிருக்கும், ஆனால் ஆயுசுக்கும் அவளைத் திட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள்.