கோழி முட்டையை முழுசாக வெட்டச் சொன்ன தாளாளர்

பள்ளிக்கூடங்களுக்கு அறிவியல் சாமான் விற்கிறவனுக்குப் பொறுமை வேண்டும். என் கடையில் எல்லாம் உண்டு, அது மட்டும் ஸ்டாக் இல்லை. பஸ் ஸ்டாண்டில் கூவிக் கூவிப் பேனா விற்று மேலே வந்தவன் நான். நீங்களும் யாவாரி என்றால் என் வயிற்றெரிச்சல் புரியும். அன்னவாசல் பக்கம் ஒரு தாளாளர், பிளஸ் ஒன்னுக்கு அனுமதி கேட்டிருந்தார். கரு எப்படிப் பிரிகிறது என்று காட்டும் மாடல் பெட்டி அவருக்குப் பிடித்தால், வருஷாவருஷம் சப்ளை எனக்கு.

தவளை

முதலில் கடல் முள்ளெலியின் கருவை எடுத்து வைத்தேன். சரிசமமான செல்கள். தாளாளர் முகம் மலர்ந்தது. அடுத்தது தவளை. மேலே சின்னச் சின்னதாய், கீழே பெரிசு பெரிசாய். "அடியில மஞ்சக்கரு கனம், அங்கிட்டுப் பிரியுறது மெதுவாத்தான் நடக்கும்" என்று பெட்டியோடு வந்த தாளைப் பார்த்துச் சொன்னேன்.

"பாய், கதையெல்லாம் வேணாம். அந்த முள்ளெலியைச் செஞ்ச ஆளையே இதையும் செய்யச் சொல்லுங்க."

மனுசன்

இதில் மூன்றே செல். நம்ம கருவில் எல்லாம் ஒரே நேரத்தில் பிரியாது. இரண்டில் ஒன்று முந்திக்கொள்ளும். அவரோ பெட்டியைக் கவிழ்த்து, உடையாமலிருக்கத் திணித்திருந்த வைக்கோலைத் துழாவினார். "மூணுதாங்க!" என்று கத்தியே விட்டேன்.

"கோவப்படாதீங்க பாய். நாலாவது லாரியில விழுந்து கெடக்கும், நல்லாத் தேடிப் பாருங்க."

கோழி

உருண்டை மஞ்சள் கரு, உச்சியில் பொட்டளவு இடத்தில் மட்டும் வெட்டுக்கோடு. கோழிக்கு அவ்வளவுதான்; மீதியெல்லாம் குஞ்சுக்குத் தீனி. பாதி விலைக்குக் கேட்டார். நான் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்தேன். அனுமதிக்கான ஆய்வு நெருங்கிவிட்டதால், வேறு வழியில்லாமல் முனகிக்கொண்டே வாங்கினார்.

"வேலையைக் காவாசி முடிச்சுட்டு முழுக் காசு கேக்குற ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

ஆய்வு

அன்றைக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தால், போர்டு எழுதும் பெயிண்டரை வைத்துக் கோழியின் மஞ்சள் கரு முழுக்கக் கறுப்புக் கோடு இழுத்திருக்கிறார்! ஆய்வுக்கு வந்த மேடம் விலங்கியல் படித்தவர். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்படிப் பிரிஞ்சா குஞ்சு வராது சார், ஆம்லெட்தான் வரும். சரியானதை வாங்கி வைங்க, அப்புறம் கையெழுத்துப் போடுறேன்."

சப்ளை போச்சு என்று நான் வாசலைப் பார்த்து நடந்தேன். தாளாளர் பின்னாலேயே ஓடி வந்து கையைப் பிடித்தார்.

"பாய், சப்ளை பூராவும் ஒங்களுக்குத்தான். காவாசி வெட்டுன கோழி ஒண்ணு, முழு வெலைக்கே குடுங்க."

கருவெல்லாம் தன் தன் போக்கில் பிரிந்து நல்லபடியாகவே பிறக்கிறது. எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டச் சொல்கிறவர்களை நம்பித்தான் என் கடை ஓடுகிறது.