மேடைக்கு வந்த மண்வெட்டி

வாய்க்கால் மணலையும் தேங்காய்ப் பொச்சையும் போட்டுத் தேய்த்த இரும்புக்கு ஒரு மணம் உண்டு. முதல் மழை விழுந்த தகரக் கூரையின் மணத்துக்குக் கிட்ட வரும், நாக்கு நுனியில் கொஞ்சம் உவர்க்கும் மணம். ஒரு நவராத்திரிக் காலத்தில், வயல் வேலை முடிந்து வந்த அப்பா முகம் கழுவுவதற்கு முன்னமே வாய்க்கால் கரையில் குந்தியிருந்து தன்னுடைய மண்வெட்டியைத் தேய்க்கத் தொடங்கியதும், அவருக்கு இரண்டு பக்கமும் நானும் செல்வி அக்காவும் நின்று, கறுத்துக் கிடந்த தகடு மெல்ல மெல்ல வெளுத்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்ததும் அந்த மணத்தோடுதான் என் நினைவில் இருக்கின்றன. இரும்புக் கடைப் பக்கம் போனால் இப்போதும் எனக்கு அந்தப் பின்னேரம் ஞாபகம் வரும். கூடவே கோபமும் வரும்.

அப்பா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். கலவரத்துக்கு அஞ்சி வன்னிக்கு ஓடிவந்து, காடு வெட்டிக் குடியேறிய எத்தனையோ குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. குளத்துக்குக் கீழே வாய்க்கால் தண்ணீர் பாயும் வயல்கள் எல்லாம் எங்களுக்கு முன்னமே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்களிடம் இருந்தன; எங்களுக்குக் கிடைத்தது மேட்டுக்காணி. குளத்துத் தண்ணீர் மேட்டுக்கு ஏறாது. ஆகவே பேருக்குக் காணி வைத்திருந்த எங்கள் ஆட்கள் மற்றவர்களுடைய வயலில்தான் கூலிக்கு நின்றார்கள். அப்பா நின்றது எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்த சேருடைய வயலில்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் ஒரு தோட்டம் இருந்தது. விவசாயப் பாடத்துக்காக உண்டாக்கியது என்று சொல்வார்கள். நான் அறிய அது தண்டனைக்குத்தான் பயன்பட்டது. வாய்பாடு மறந்தவர்கள், பிந்தி வந்தவர்கள், வகுப்பில் கதைத்துப் பிடிபட்டவர்கள் எல்லாரையும் "தோட்டத்துக்குப் போ" என்று அனுப்பிவிடுவார்கள். வகுப்பில் இருக்கிற எங்களுக்கு மண்வெட்டி கல்லில் படுகிற சத்தம் யன்னலால் கேட்கும், அது கேட்கும்போதெல்லாம் கணக்குச் சேர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பி, "கேக்குதோ? படிக்காட்டி உங்களுக்கும் உதுதான்" என்பார். இப்படி வெருட்டித்தான் எங்களைப் படிக்க வைத்தார்கள். வீடுகளிலும் அதே கதைதான். ஏக்கர் கணக்கில் வயல் வைத்திருந்தவர்கள் வீட்டிலும் பிள்ளையின் காலில் சேறு பட்டால் அடி விழுந்தது. உழவைச் சாபமாகச் சொல்லிச் சொல்லியே பிள்ளை வளர்த்த ஊர் எங்களுடையது. மற்ற ஊர்கள் வேறு மாதிரி இருந்ததாகவும் நான் கேள்விப்படவில்லை.

செல்வி அக்காவுக்குப் படிப்பு ஏறவில்லை. "மொக்கு" என்பதுதான் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இருந்த பெயர். ஆனால் தோட்டத்துக்கு அனுப்பினால் சிரித்துக்கொண்டு போவாள். சில நாட்கள் அனுப்பட்டும் என்றே வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தாள் என்பது எனக்குத் தெரியும். வகுப்பில் வாயே திறக்காதவள் அங்கே பாத்திக்குப் பாத்தி நின்று மற்றப் பிள்ளைகளை அதட்டுவாள். அவள் நட்ட கத்தரி காய்த்துத் தள்ளியது. பள்ளிக்கூடம் விட்டதும் ரீச்சர்மார் அதைப் பிடுங்கித் தங்கள் பைகளில் போட்டுக்கொண்டு போனார்கள். மொக்கு நட்ட கத்தரிக்காய் என்று ஒருவரும் வேண்டாமென்று விட்டுப் போகவில்லை. வீட்டிலும் மேட்டுக்காணியின் ஒரு மூலையில் மிளகாய்க் கன்று வைத்து, கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளி ஊற்றி வளர்த்துக்கொண்டிருந்தாள். வளர்ந்தபிறகு என்ன செய்யப் போகிறாய் என்று யாராவது கேட்டால், "தோட்டம் செய்வன்" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள்.

நவராத்திரிக்குப் பள்ளிக்கூடத்தில் நடந்த வாணி விழாவின் கடைசி நாளுக்கு முதல்நாள் கணக்குச் சேர் வகுப்பு வகுப்பாக வந்து, "நாளைக்கு ஆயுத பூசையும் சேர்த்துச் செய்யிறம். வீட்டில தொழில் செய்யிற சாமான் இருந்தாக் கொண்டு வாங்கோ, சரஸ்வதிக்கு முன்னால வைச்சுக் கும்பிடுவம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் அதை வீட்டில் வந்து சொன்னபோது அப்பாவுக்கு வந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமல்ல. தேயிலைத் தோட்டத்தில் அந்த நாளில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, மண் கிளறுகிற முள்ளு, மண்வெட்டி, கொழுந்துக் கூடை எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்து மாரியம்மன் கோயிலில் அடுக்குவார்களாம். தோட்டத்துத் துரைகூட அன்றைக்கு ஒரு நாள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து நிற்பாராம். இங்கே வந்தபிறகு அப்படி ஒரு வழக்கத்தை அவர் காணவில்லை, இப்போது பள்ளிக்கூடமே கேட்கிறது.

"நமக்கு சோறு போடுறது இதுதான புள்ள. இதுவும் ஒருக்கா சாமி மொகத்த பாக்கட்டும்" என்றார்.

அதனால்தான் அந்தத் தேய்ப்பு. தேய்த்துக் காயவைத்து, தகட்டில் திருநீற்றை மூன்று குறியாக இழுத்து, குங்குமம் வைத்து, அம்மாவின் பழைய சேலைத் துண்டொன்றில் சுற்றித் தந்தார். மறுநாள் வயலுக்குத் தனக்கு யாரிடமோ இரவல் மண்வெட்டி கேட்டு வைத்திருந்தார்.

அக்கா அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள், தூங்குகிற குழந்தையைத் தூக்கி வருவதுபோல. மண்டபத்தில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்த மேசையில் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. தையற்காரரின் மகன் கத்தரிக்கோல் கொண்டு வந்திருந்தான். தச்சரின் மகள் உளி கொண்டு வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஒருவரின் பிள்ளை கொண்டுவந்த ஸ்டெதஸ்கோப்பைக் கணக்குச் சேர் இரண்டு கையாலும் வாங்கி, படத்தின் காலடியில் வளைத்து வைத்து, அதற்கு ஒரு செவ்வரத்தம் பூவும் வைத்தார். பிறகு அக்காவின் முறை வந்தது. சேலைத் துண்டை அவிழ்த்ததும் பின்வரிசையில் ஒருவன் சிரித்தான், அது அப்படியே முன்னுக்கு வந்து மண்டபம் முழுவதும் சிரித்தது. சேர் ஏசவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"இதைப் பின்னால, தோட்டப் பக்கம் கொண்டுபோய் வை பிள்ளை. சரஸ்வதிக்கு முன்னால உது வடிவில்லை."

அக்கா கொண்டுபோய் வைத்தாள். பூசை நடந்துகொண்டிருக்கும்போது மழை பெய்தது. அவலும் கடலையும் வாங்கிக்கொண்டு நாங்கள் பின்பக்கம் போனபோது திருநீறு கரைந்து போயிருந்தது, குங்குமம் பிடி வழியே வழிந்து சிவப்பாகக் கிடந்தது. அக்கா பாவாடை விளிம்பால் அதைத் துடைத்தாள். வழியெல்லாம் அவள் அழவில்லை. நான்தான் அழுதுகொண்டு வந்தேன்.

அப்பா வேலிப் படலையடியில் நின்றார். "சாமிக்கிட்ட வச்சீங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "ஓமப்பா, முன்னுக்கு வைச்சது" என்றாள். அப்பா மண்வெட்டியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்தப் பொய் அடுத்த நாள் வரைக்கும்தான் நின்றது. வயலைப் பார்க்க வந்த கணக்குச் சேர், வரம்பில் நின்றபடி, எல்லாருக்கும் கேட்க, "என்ன முனியாண்டி, சரஸ்வதிக்கு மண்வெட்டி குடுத்து விட்டனியாம்?" என்று பகிடி விட்டாராம். வேலைக்கு நின்றவர்கள் சிரித்தார்களாம். அப்பாவும் சேர்ந்து சிரித்தாராம். இதை அவர் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னபோது நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். அக்காவைக் கூப்பிட்டு ஏன் பொய் சொன்னாய் என்று அவர் கேட்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "இனி எம்புள்ளைங்க யாரும் மம்பட்டி தொடப்படாது" என்று மட்டும் சொன்னார். அடுத்த கிழமையே மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்தச் செய்தார். காய்க்கத் தொடங்கிய கன்றுகள் வாடி நின்றதை அக்கா கிணற்றடியில் இருந்து பார்த்தபடி இருப்பாள். அப்பாமீது எனக்குக் கோபமில்லை. கூலி வேலையைச் சிரித்துக்கொண்டு செய்தவரால் அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

நான் படித்தேன். அக்கா படிப்பும் வராமல், தோட்டமும் இல்லாமல், கலியாணம் முடித்து, கணவரை இழந்து, கடைசியில் அரபு நாட்டில் யாரோ ஒருவருடைய குசினியில் பல வருசம் நின்றுவிட்டு, முழங்கால் வலியோடு திரும்பி வந்தாள். அவளுடைய மகள் துளசியை வளர்த்தது நானும் அம்மாவும்தான்.

அதே பள்ளிக்கூடத்தில்தான் நான் இப்போது படிப்பிக்கிறேன். போன வருசம் மழைக்காலத்துக்கு முன் எங்கள் மண்டபத்தில் ஒரு பெரிய கூட்டம் வைத்தார்கள். இளைஞர்கள் விவசாயத்தைக் கைவிட்டுவிட்டார்கள், அவர்களை ஊக்குவித்து மண்ணுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் நோக்கம். மேடையின் நடுவில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில், ஒரு புது மண்வெட்டியைச் சந்தனம் பூசி மாலை போட்டு நிறுத்துவது என்று முடிவாகி, அதற்குப் பட்டுத்துணி கட்டுகிற வேலையை என்னிடம் தந்தார்கள். கட்டினேன். பிரதம விருந்தினர், ஓய்வுபெற்ற கணக்குச் சேர். அவர்தான் மண்வெட்டிக்கு முதற் பூப் போட்டார்.

நன்றாகத்தான் பேசினார். உழவன் இல்லாவிட்டால் உலகமே பட்டினி என்றார், இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனையும் வெளிநாட்டையும் தவிர வேறொன்றும் அறியார்கள் என்றார், சேற்றில் கால் வைக்கக் கூச்சப்படுகிறார்கள் என்று கவலைப்பட்டார். கூச்சத்தை யார் ஊட்டினார்கள் என்று அவர் சொல்லவில்லை. கேள்வி கேட்கலாம் என்றதும் துளசி எழும்பினாள். உயர்தரப் பரீட்சையில் விவசாயத்தை ஒரு பாடமாக எடுத்துச் சித்தியடைந்தவள். மேட்டுக்காணியில் பயற்றங்காய் போட்டுச் சந்தைக்குக் கொடுப்பவள். தாயின் கை அப்படியே அவளுக்கு. ஆனால் வயல் செய்யவேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை.

"சேர், குளத்துக்குக் கீழ இருக்கிற உங்கட வயல் கனகாலமாச் சும்மாதானே கிடக்கு" என்றாள். "இந்தக் காலபோக விதைப்புக்கு எனக்குக் குத்தகைக்குத் தாங்கோ. நான் செய்யிறன்."

அப்பா வேலை செய்த அதே வயல்தான். சேருடைய பிள்ளைகள் எல்லாரும் கனடாவுக்குப் போனபிறகு அதில் ஏர் இறங்கவில்லை. வாய்க்கால் தண்ணீர் அதைத் தொட்டுக்கொண்டு போய்க் கீழே வீணாக வடிகிறது. சேர் சிரித்தார். "பிள்ளையளோட கதைச்சுப் போட்டுத்தான் சொல்லவேணும்" என்றார். நிகழ்ச்சியை நடத்தியவர் ஒலிவாங்கியை வாங்கி, இப்படியான இளைஞர்கள்தான் நமக்குத் தேவை என்று சொல்ல, எல்லாரும் கைதட்டினார்கள். துளசி அந்தக் கைதட்டலை நம்பி இருந்தாள்.

தேநீர் கொடுக்கும்போது சேர் என்னைப் பக்கத்துக் கதிரையில் இருக்கச் சொன்னார்.

"அது செல்வியின்ர மகளோ? நல்லாக் கதைக்கிறா. கெட்டிக்காரி. வயல், வரம்பெண்டு விட்டு வீணாக்கிப் போடாதையும். கொம்பியூட்டர் கோர்ஸ் ஒண்டில சேர்த்து விடும்."

"வயல் தருவீங்களோ சேர்?" என்று கேட்டேன்.

"எனக்கொண்டுமில்லை. உங்கட ஆக்களுக்குக் குடுத்தாப் பிறகு காணியை விட்டு எழுப்பேலாதெண்டு மகன் சொல்லுறான்."

"அப்ப மேடையில ஆரைச் சேர் வரச் சொன்னனீங்கள்?"

அவருக்குக் கோபம் வரவில்லை. பிஸ்கற்றைத் தேநீரில் தோய்த்தபடி, "அது பொதுவாச் சொல்லுறதுதானே பிள்ளை" என்றார்.

முதல் மழை விழும்வரை துளசி காத்திருந்தாள். விதைப்புக் காலம் முடிந்தபிறகும் கொஞ்ச நாள் காத்திருந்தாள். இப்போது கட்டாரில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிக்கிறாள். அவள் போட்ட பயற்றங்கொடிக்குத் தண்ணீர் ஊற்ற அக்காவின் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. கொடி காய்ந்து வேலியில் தொங்குகிறது. சேருடைய வயலில் காலையில் மயில்கள் நிற்கின்றன, பள்ளிக்கூட பஸ்சிலிருந்து பிள்ளைகள் அவற்றைப் படம் எடுக்கிறார்கள். பள்ளிக்கூடத் தோட்டம் இருந்த இடம் வாகனங்கள் விடுகிற இடமாகிவிட்டது. அப்பா இல்லை, அவருடைய மண்வெட்டி சண்டைக் கால இடம்பெயர்வில் எந்த வீதியோரத்தில் விடுபட்டது என்றும் தெரியாது. "படிக்காட்டி மண்வெட்டிதான்" என்று இப்போது யாரும் பிள்ளைகளை வெருட்டுவதில்லை. வெருட்டினாலும் அவர்களுக்கு விளங்காது.

இந்த வருசமும் அதே கூட்டம் நடக்கப் போகிறது. பட்டுத்துணியை என்னிடமே தந்திருக்கிறார்கள், வீட்டு அலுமாரியில் கிடக்கிறது. நேற்றுப் பின்னேரம் நான் அக்காவிடம், இந்த முறை கட்டமாட்டேன், வேறு ஆளைப் பார்க்கச் சொல்லப் போகிறேன் என்று சொன்னேன். அக்கா காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"இல்லை, நீ கட்டு. அண்டைக்கு அப்பாவிட்ட முன்னுக்கு வைச்சதெண்டு சொன்னனான். அதெண்டாலும் உண்மையா இருக்கட்டும்."