செம்முள்ளியும் அத்தையின் காலும்

எங்கள் வீட்டு வாசலில் வேலியாக நிற்பது செம்முள்ளி. கனகாம்பரம் போல இருக்கும், பூ மட்டும் மஞ்சள். ஒவ்வொரு இலைக்கணுவிலும் ஊசி ஊசியாக முள். அருவி பார்க்க வருகிறவர்கள் காரை நிறுத்தி, அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். யாராவது ஒருவர் பூவில் கைவைத்து, "ஐயோ" என்பார். போட்டோ முடிந்தது என்று உள்ளே இருந்தபடியே தெரிந்துகொள்வேன்.

வேலியை வைத்தவர் என் மாமியார். அழகுக்காக வைத்ததாக அவர் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. இருமலுக்கு இலைச்சாறும் தேனும், பல்வலிக்கு மென்று அடக்க இலை, சேற்றுப்புண்ணுக்கு உப்பு வைத்து நசுக்கிய விழுது என்று எல்லாவற்றுக்கும் அவருக்கு அதுதான். ஆனாலும் பூக்கிற நாளில் இரண்டு பூவைக் கொண்டையில் செருகாமல் வயலுக்குப் போகமாட்டார்.

மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து கல்யாணமாகி மலைமேல் வந்த எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை. முதல் வருஷ நடவிலேயே கால்விரல் இடுக்கெல்லாம் வெந்துபோய் நொண்டினேன். அத்தை விழுதைக் கொண்டுவந்து இடுக்கில் அடைத்தார். உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. கத்தினேன்.

"எரியட்டும் கண்ணு. எரிஞ்சாத்தான் மருந்து புடிக்குதுன்னு அர்த்தம். எரிச்சல் நின்னுச்சுன்னா புண்ணு ஆறிப்போச்சுன்னு வெச்சுக்க" என்றார்.

அப்படியேதான் நடந்தது. நாலைந்து நாளில் எரிச்சல் நின்றது, புண்ணும் ஆறியது. அதற்குப் பிறகு அந்தச் செடியைக் குறைசொல்லி நான் வாயே திறக்கவில்லை.

போன மாசியில் அத்தையின் வலது காலில் புண் வந்தது. வயல் காய்ந்து கிடந்தது, எங்கும் சேறில்லை. புண் இருந்ததும் விரல் இடுக்கில் அல்ல, பெருவிரலுக்கு அடியில். அவர் வழக்கம்போல இலையைப் பறித்தார், நசுக்கினார், கட்டினார்.

"எரியுதுங்களா அத்தை?"

"துளிகூட இல்ல சாமி. ஆறிட்டு வருது."

முகத்தில் அவ்வளவு திருப்தி. எனக்கோ கட்டை அவிழ்க்கும்போது வரும் நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஆறுகிற புண் எதற்கு அகலமாகிறது என்று கேட்டேன். விரிந்துதான் ஆறும் என்றார். எந்தக் கேள்விக்கும் அவரிடம் இப்படி ஒரு பதில் தயாராக இருக்கும். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. டீயில் சர்க்கரையை நிறுத்தியதோடு அந்த நோயும் முடிந்துவிட்டதாக நினைத்திருந்தார். ஆஸ்பத்திரி மாத்திரை அலமாரியில் தூங்கியது. லாரியில் வடக்கே போயிருந்த என் கணவரிடம் போனில் சொன்னேன். "அம்மாவுக்குத் தெரியாத வைத்தியமா?" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஒருநாள் காலையில் அத்தை இலை பறித்துக்கொண்டு வந்து, அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தார். அவர் நடந்து வந்த வழியெல்லாம் சொட்டுச் சொட்டாக ரத்தம். குனிந்து பார்த்தேன். புண் இல்லாத இடது காலின் குதிகாலில் ஒரு செம்முள்ளிக் குச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. முள் முழுசாக உள்ளே இறங்கியிருந்தது.

"அத்தை, காலுல முள்ளுங்க!"

"எங்க?" என்று அவர் வலது காலைத் தூக்கிப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எரிச்சல் நின்றது புண் ஆறியதால் அல்ல. இரண்டு காலிலும் உணர்ச்சியே செத்துப்போயிருந்தது. இது தெரியாமல் அவர் தினமும் புண் ஆறுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு நான் மருமகளாக நடந்துகொள்ளவில்லை. களியை இறக்கி வைத்துவிட்டு, கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரை பஸ்ஸில் ஏற்றினேன். கீழே இறங்கும் வரை ஒரு வளைவு விடாமல் என்னைத் திட்டிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன்.

நாமக்கல்லில் டாக்டர் ஒரு குச்சியின் முனையால் பாதத்தில் அங்கங்கே குத்தி, "தெரியுதாம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"இங்க?"

"இல்லீங்க."

ஒவ்வொரு 'இல்லீங்க'வும் முந்தையதைவிட உற்சாகமாக வந்தது. கடைசியில் அத்தையே, "நல்லா ஆறிருச்சுங்களா?" என்று கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

பிறகு டாக்டர் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். வலது பெருவிரல் அழுகிவிட்டது. அதை இப்போதே எடுத்துவிட்டால் காலைக் காப்பாற்றலாம். தள்ளிப்போட்டால் முழங்காலுக்குக் கீழே மொத்தமும் போய்விடும்.

அத்தை கத்துவார், எழுந்து நடப்பார் என்று நான் பயந்தேன். அப்படி ஒன்றும் செய்யவில்லை. குனிந்து அந்த விரலைத் தொட்டுப் பார்த்தார்.

"வெட்டறப்ப வலிக்குமுங்களா?"

"பயப்படாதீங்கம்மா. உங்களுக்கு அங்க ஒண்ணுமே தெரியாது" என்றார் டாக்டர், ஆறுதலாகத்தான்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.