மல்லாந்து படுத்த இரண்டு இரவுகள்

நன்றாக மூச்சுவிட ஓர் இடம் கிடைத்த பிறகும் ஒரு மனிதர் அதை விட்டுத் திரும்பி வருவாரா? தாராவி சந்தியாகு வந்தார். எட்டு மாதம் கழித்துச் செத்தும் போனார். பழக்கதோஷம் என்கிறார்கள் அவரோடு வேலை பார்த்தவர்கள். அந்தச் சொல் எனக்குப் போதவில்லை.

அவரைப் புகழ எனக்குப் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. கோபக்காரர். மகன் கல்யாணத்தில் குழம்பு சரியில்லை என்று பாதிப் பந்தியில் எழுந்துபோனவர். முப்பத்தோரு வருடம் டப்பா பட்டறையில் வேலை. பழைய எண்ணெய் டின்களைத் தீயில் வாட்டி, நெளிவெடுத்து, மறுபடி விற்கத் தயார் செய்யும் இடம் அது. அந்தப் புகை நெஞ்சில் தங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் இரண்டு வருடமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். புகையை விட்டு விலகாவிட்டால் ஒரு வருடம் தாங்குவதே கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தாணேயில் வேலை பார்க்கும் மகன் ஜெனிஷ், பம்பாய்க்கு எதிர்க்கரையில் அலிபாக் தாண்டிக் கடலோரக் கிராமம் ஒன்றில், ஒரு விருந்தினர் விடுதியில் அப்பா அம்மாவுக்கு இரண்டு நாள் அறை எடுத்துக் கொடுத்தான். பாக்கு மரங்களுக்கு நடுவே நான்கே அறைகள். நடத்துபவர் சுரேந்திரன், பம்பாயில் தமிழர்கள் நிறைந்த மாதுங்காவில் வளர்ந்து, வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்.

முதல் இரவே சந்தியாகு மல்லாந்து படுத்துத் தூங்கினார். மனைவி இருதயமேரி பயந்துபோய் இரண்டு தடவை அவர் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தார்.

விடிகாலை நாலரைக்குச் சந்தியாகு எழுந்துவிட்டார். தாராவியில் அவர் சந்துக்குத் தண்ணீர் வரும் நேரம் அது. வாளி, குவளை, குப்பைக்கூடை, பூச்சாடி எல்லாவற்றிலும் பிடித்தார். பிறகு தோட்டத்தில் கிடந்த இரண்டு டிரம்களையும் நிரப்பினார். ஏழு மணிக்குச் சுரேந்திரன் ஓடி வந்தார்.

"என்ன சார் பண்ணி வச்சிருக்கேள்? டாங்க் பூரா காலி! மோட்டார் போடக் கரன்ட் இல்ல. மாடி ரூம்ல ஒருத்தர் சோப்பைப் போட்டுண்டு நிக்கறார்!"

"தண்ணி நின்னுருமேன்னு..."

"இங்க எதுக்கு சார் நிக்கப் போறது?"

இருதயமேரி தலையில் அடித்துக்கொண்டார். "பூச்சாடியிலயும் புடிச்சிருக்கீயளே! அதையா குடிக்கப் போறீய?"

சுரேந்திரனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிடித்த தண்ணீரை அவரும் சந்தியாகுவுமாக அறை அறையாகச் சுமந்தார்கள். சந்தியாகு அரை வாளியோடு மாடி ஏறினார். மேலே போன பிறகுதான் நடுவில் ஓரிடத்திலும் நிற்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது. கீழே நின்ற இருதயமேரியும் அதைப் பார்த்துவிட்டார்.

சாயங்காலம் சுரேந்திரன் சொன்னார். "பின்னாடி ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்கு. இங்கேயே இருந்துடுங்கோளேன். மோட்டார் போட, சாவி குடுக்க எனக்கும் ஆள் வேணும்."

அவர் போனதும் இருதயமேரி ஆரம்பித்தார். "இருந்துருவோம்ங்க. அந்தப் பத்துக்குப் பத்துல நமக்கு என்ன வச்சிருக்கு? அங்க போனா நீங்க செத்துருவீய."

"சும்மா கெட."

"வீட்ட ஜெனிஷ் பாத்துக்கிடுவான். என்னய வேணும்னா மாசம் ஒருக்கா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க, போதும்."

"காலைல சொல்லுதேன்."

அன்றும் மல்லாந்தே தூங்கினார். இருதயமேரிக்குத்தான் தூக்கம் வரவில்லை. எந்தச் சட்டி பானைகளைக் கொண்டுவருவது, மாதா படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்று யோசித்துக்கொண்டே கிடந்தார்.

காலையில் குழாய்ச் சத்தம் கேட்கவில்லை. சந்தியாகு குளித்து, சட்டை போட்டு, பையை மடியில் வைத்துக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். எட்டு மணிக்குச் சுரேந்திரன் பின்னறைச் சாவியோடு வந்தார். சந்தியாகு அதை வாங்கிப் போய் அறையைத் திறந்தார். உள்ளே நின்று ஒருமுறை மூச்சை ஆழமாக இழுத்தார். இருமல் வரவில்லை. வெளியே வந்து பூட்டி, சாவியைச் சுரேந்திரன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"பம்பாய்க்கு அடுத்த லாஞ்ச் எத்தனை மணிக்கு சார்?"

ஏன் என்று லாஞ்ச் படகில் கேட்டார் இருதயமேரி. கடைசியில் அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் கேட்டார். சந்தியாகு சொல்லவில்லை. திரும்பி வந்த திங்கட்கிழமையே அவர் பட்டறைக்குப் போனார்.