கேமராவுக்கு வைத்த சந்தனப் பொட்டு

கணக்கு எழுதும் தொழிலில் ஒரு நாள் லீவு போட்டால், மறுநாள் நாம் படித்து வைத்திருந்த சட்டம் பழசாகியிருக்கும். மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருபத்தெட்டு வருஷமாக இந்தப் பிழைப்புதான் எனக்கு. முதலில் பேரேட்டில் கையால் எழுதினேன், பிறகு கம்ப்யூட்டர், பிறகு ஜிஎஸ்டி, இப்போது எதைத் தொட்டாலும் இணையதளம். கெடு முடியும் நாளில் சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று தலையில் அடித்துக்கொள்ளும் சக ஜீவன்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆனால் இன்றைக்குப் புலம்பல் கிடையாது. கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ளப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பெஞ்சு

சிங்கப்பெருமாள் கோவில் ஏழுமலை என் பழைய வாடிக்கையாளர். அப்பா காலத்தில் நெல் விளைந்த இடத்தில் ஷெட் போட்டு, லேத் மெஷின்கள் வைத்து, பக்கத்துக் கம்பெனி ஒன்றுக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுக்கிறார். எட்டுப் பேர் வேலை பார்க்கிறார்கள். ஜிஎஸ்டி வந்த புதிதில் ஒரு நாள் தயங்கித் தயங்கி மாடியேறி வந்தார். அவருடைய மச்சானும் பட்டறை வைத்திருப்பவர்தான். கணக்கை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி அவர் நச்சரிக்கிறாராம். நான் நோட்டுப் புத்தகக் காலத்து ஆளாம், புதுச் சட்டமெல்லாம் எனக்கு ஏறாதாம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த வாரமே அஸ்தினாபுரத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். உட்கார்ந்திருந்ததெல்லாம் என் மகள் வயசுப் பிள்ளைகள். ஃபீஸ் கட்ட வந்த அம்மா என்று நினைத்து ஆசிரியர் என்னை ஆபீஸ் ரூமுக்கு அனுப்பப் பார்த்தார். திரை சரியாகத் தெரியாது என்பதால் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன், கடைசித் தேர்வில் முதல் மார்க்கும் வாங்கினேன். அந்த மார்க் ஷீட்டை ஏழுமலை முன்னால் வைத்தபோது, கள்ள நோட்டா என்று பார்ப்பவர் மாதிரி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என் பையனே இவ்ளோ மார்க் எடுத்ததில்ல மேடம். கணக்கு இங்கயே இருக்கட்டும், மச்சான்கிட்ட நான் பேசிக்கிறேன்."

மூன்றாவது கண்

ஏழுமலையின் ஜிஎஸ்டி இணையப் பக்கத்தில் பதிந்திருந்தது அவர் மனைவி கஸ்தூரியின் போன் நம்பர். ரிட்டர்ன் போடும்போது வரும் ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும், பத்து நிமிஷம்தான் அதற்கு ஆயுசு. ஒரு கடைசி நாளில் காலையிலிருந்து மூன்று ஓடிபி அனுப்ப வைத்து, மூன்றும் காலாவதியாகி, போனும் எடுக்கப்படாமல் நான் நாற்காலியில் உட்கார முடியாமல் தவித்தேன். ஏழுமலையைக் கேட்டால், "கோயிலுக்குப் போய்க்கீது" என்கிறார்.

பதினொன்றரைக்கு கஸ்தூரியே கூப்பிட்டார். ஊர் நரசிம்மரின் குகைக் கோயிலில் தரிசனமாம், ஆரத்தியின்போது நாமத்தை விலக்கி சாமியின் நெற்றிக் கண்ணைக் காட்டுவார்களாம், போன் பையிலாம். நாலாவது ஓடிபியில் ரிட்டர்ன் போனதும், முதல் வேலையாக அந்த நம்பரை எடுத்துவிட்டு ஏழுமலையின் நம்பரைப் பதிந்தேன். எங்கள் தொழிலில் நிறையப் பேர் வாடிக்கையாளர் எல்லாருக்கும் தங்கள் சொந்த நம்பரையே பதிந்துவிடுவார்கள், வசதிதான். எனக்கு அது பிடிக்காது, அவரவர் கதவுச் சாவி அவரவரிடம் இருக்க வேண்டும். ஆனால் கஸ்தூரியிடம் அன்றைக்குக் கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன். அவர் அசரவில்லை: "நரசிம்மரு நெத்திக் கண்ணக் காட்டிகினு இருக்காரு மேடம், அத்த வுட்டுட்டு உங்க நம்பரப் பாக்கச் சொல்றீங்களா?"

போர்டு இல்லாத ஷெட்

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் நோட்டீஸ் தபாலில் வருவதில்லை, இணையதளத்தில் ஒரு மூலையில் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். மெயிலை யார் திறக்கிறார்கள்? அதனால் தினமும் காலையில், காபி ஆறுவதற்குள், ஒவ்வொரு வாடிக்கையாளர் பக்கமாகத் திறந்து பார்த்துவிடுவேன். என்னோடு பதினைந்து வருஷமாக வேலை பார்க்கும் ஸ்டெல்லா இதற்கு 'அக்காவின் காலை ஜெபம்' என்று பேர் வைத்திருக்கிறாள்.

போன வருஷம் ஆயுத பூஜை லீவு முடிந்து ஜெபத்தில் உட்கார்ந்தால், ஏழுமலையின் இணையப் பக்கத்தில் ஒரு நோட்டீஸ். பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் ஓர் அதிகாரி இடத்தைச் சரிபார்க்க வந்திருக்கிறார். ஷெட் பூட்டியிருக்கிறது, வாசலில் பெயர்ப் பலகை இல்லை. இந்த முகவரியில் தொழில் நடப்பதாகத் தெரியவில்லை, பதிவை ஏன் ரத்து செய்யக் கூடாது? ஏழு வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், அதுவரை பதிவு நிறுத்திவைப்பு. அதாவது ஏழுமலை பில் போட முடியாது. பில் இல்லாத சரக்கைக் கம்பெனி உள்ளே விடாது. தீபாவளிக்குள் சரக்கு போகாவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்கு, எட்டுப் பேரின் போனஸும் அம்பேல்.

போன் போட்டு, "போர்டு எங்கே?" என்றேன். வருஷா வருஷம் பூஜைக்கு முன்னால் மெஷின்களைக் கழுவித் துடைத்து, ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, போர்டைக் கழற்றி செங்கல்பட்டுப் பெயின்டரிடம் கொடுப்பது அவர் வழக்கம். அந்த வருஷம் அதிகாரி வந்ததும் அன்றைக்குத்தான். விஷயத்தைச் சொன்னதும் ஏழுமலையின் குரல் உடைந்துவிட்டது: "சாமிக்கு நல்லா இருக்கணும்னுதானே மேடம் பெயின்ட் அடிக்கக் குடுத்தேன், அதுக்கு கம்பெனியே இல்லன்றாங்களா?"

சந்தனப் பொட்டு

பூஜைப் படங்கள் ஏழுமலையின் போனில் இருந்தன. மாலை போட்ட லேத், வரிசையாக நிற்கும் எட்டுப் பேர், சுவரோரம் பெயின்ட் காய்ந்துகொண்டிருக்கும் போர்டு. "வாட்ஸ்அப்ல படமா அனுப்பாதீங்க, டாக்குமென்ட்டா அனுப்புங்க" என்றேன். படமாக அனுப்பினால் அதற்குள் பதிந்திருக்கும் எடுத்த இடம், நேரம் எல்லாம் அழிந்துவிடும். அஸ்தினாபுரத்து முதல் பெஞ்சு சும்மாவா? அதோடு கரன்ட் பில், பெயின்டரின் ரசீது எல்லாவற்றையும் சேர்த்து மறுநாளே பதில் போட்டேன். வீடியோவில் விசாரணை என்று தகவல் வந்தது.

ஏழுமலை புதுச் சட்டை போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் விசாரணை அதிகாரி வந்தார், நாற்பது வயசிருக்கும். "குரல் கேக்குது மேடம், முகம் தெரியல. கேமராவ ஆன் பண்ணுங்க" என்றார். ஆன் செய்துதான் இருந்தது. அணைத்துப் போட்டேன், செட்டிங்ஸில் போய் மாற்றினேன், எதுவும் பலிக்கவில்லை. "அடுத்த கேஸ் காத்துக்கிட்டிருக்கு" என்றார் அவர். இத்தனை வருஷம் கற்றதெல்லாம் இந்தச் சின்ன ஓட்டையில் போகப்போகிறதா என்று அழுகையே வந்தது.

ஸ்டெல்லா குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க வச்ச பொட்டுக்கா!" என்று கத்தினாள். ஆயுத பூஜையன்று லேப்டாப்புக்கு நான் வைத்த சந்தனமும் குங்குமமும் கேமராக் கண்ணின் மேலேயே காய்ந்து கிடந்தன. பூஜைப் பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஸ்டெல்லா நகத்தால் சுரண்டினாள், நான் முந்தானையால் துடைத்தேன். மஞ்சளும் சிவப்புமாக ஒரு படலத்துக்குப் பின்னால் எங்கள் மூன்று முகங்களும் தெரிந்தன. கத்தியது அத்தனையும் அவருக்குக் கேட்டிருக்கிறது. படங்களைப் பார்த்தார், இடத்தையும் நேரத்தையும் சரிபார்த்தார், பெயின்டர் ரசீதைப் பெரிதாக்கிப் படித்தார். பிறகு முதல் முறையாகச் சிரித்தார்: "கேமராவுக்கே பொட்டு வச்சிருக்கீங்க, போர்டு பெயின்ட்டுக்குப் போனதை நான் நம்பறேன் மேடம்."

மச்சான் மாடியேறினார்

இரண்டாம் நாள் காலை ஜெபத்தில் உத்தரவு இருந்தது. நடவடிக்கை கைவிடப்பட்டது, பதிவு பழையபடி செல்லும். ஏழுமலை அன்றைக்கே பில் போட்டு டெம்போவை அனுப்பினார். எட்டுப் பேருக்கும் போனஸ் கிடைத்தது. அந்த உத்தரவை மூன்று தடவை படித்தேன், ஒரு பிரதி எடுத்து, சுவரில் தொங்கும் என் மார்க் ஷீட்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். மாட்டாமல் என்ன?

அடுத்த வாரம் ஏழுமலை இனிப்புப் பெட்டியோடு வந்தார். பின்னாலேயே கையில் ஒரு தடித்த ஃபைலோடு இன்னொருவர் ஏறி வந்தார். அதே மச்சான். கணக்கை எங்கேயோ கொடுத்திருக்கிறார், பூஜைக்கு அப்புறம் அங்கே யாரும் அவர் பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லையாம். நான் உட்காரச் சொன்னேன். ஸ்டெல்லா வேண்டுமென்றே மார்க் ஷீட் தெரிகிற நாற்காலியைக் காட்டினாள். அவர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: "எங்க போர்டும் அதே பெயின்டராண்டதான் மேடம் போயிருந்திச்சு, கொஞ்சம் தொறந்து பாருங்களேன்."

இருபத்தெட்டு வருஷம் சட்டத்தின் பின்னால் ஓடி ஓடி நான் அடைந்திருக்கும் பதவி என்னவென்றால், ஆயுத பூஜைக்கு முன்னால் யார் யார் எந்தத் தேதியில் போர்டைக் கழற்றலாம் என்று சிங்கப்பெருமாள் கோவில் முழுக்க இப்போது என்னைத்தான் கேட்கிறார்கள்.